விவாத இழை: டிஃபென்ஸ் இவ்ளோ முக்கியமா, இல்ல நல்லா அடிக்கத் தெரிஞ்சா போதுமா?

புதுக்கிளவுஸ்:
வணக்கம் மக்களே. பாக்ஸிங் கிளாஸ் சேர்ந்து கொஞ்ச மாசம் ஆகுது. பேக் அடிக்கறது, மிட்ஸ் (கோச் கைல மாட்டற பேட்) அடிக்கறது எல்லாம் செம்மயா போகுது, ஆனா எங்க கோச் பாதி நேரம் டிஃபென்ஸ்லயே உக்காந்துடறாரு. ரிங்குக்கு குறுக்க ஒரு கயிறு கட்டி விட்டு, முட்டி மடக்கி அதுக்கு கீழ இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போய்ட்டு வா, குத்து விடவே கூடாதுங்கறாரு. இன்னொரு நாள் எதிர்ல ஒருத்தன் ஜாப் (முன் கையால நேரா விடற குத்து) மட்டும் விடுவான், நான் உள்ளங்கைல வாங்கிட்டே இருக்கணும், திருப்பி அடிக்கக் கூடாது. எனக்கு புரியல, ஜெயிக்கறது அடிச்சு தான? நாக்அவுட் வீடியோ தான் எல்லாரும் பாக்கறாங்க, ஸ்லிப் பண்ற (தலைய நகர்த்தி குத்த தவிர்க்கற) வீடியோவ எவன் பாக்கறான். பவர் இருந்து, அவன் அடிக்கறதுக்கு முன்னாடி நாம அடிச்சுட்டா வேலை முடிஞ்சுது இல்ல? கிண்டல் பண்ணாம சொல்லுங்க.

ஹுக்மன்னன்:
தம்பி நீ சரியா தான் யோசிக்கற. கோச்சுங்க எல்லாருக்கும் ஒரே பாட்டு, கையை தூக்கு கையை தூக்குன்னு. பழைய ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோவ பாரு, 49 சண்டை, 49 ஜெயம், அதுல 43 நாக்அவுட். அவர் என்ன கயிறுக்கு கீழ குனிஞ்சுட்டா இருந்தாரு, நேரா போனாரு, போட்டுத் தள்ளினாரு. பவர் இருக்கறவன் அடிப்பான், இல்லாதவன் ஓடுவான், அதுக்கு டிஃபென்ஸ்னு ஒரு கவுரவமான பேரு.

மிட்நைட்பைட்:
ஆரம்பிச்சாச்சு. நான் ஓரமா உக்காந்து பாக்கறேன்.

பழையரீல்:
மன்னா, இந்த மாதிரி விவாதத்துல எல்லாரும் மார்சியானோவ தான் இழுத்துட்டு வர்றாங்க, ஆனா சண்டைய முழுசா பாக்கறதில்ல. 1952ல ஜெர்சி ஜோ வால்காட் கூட பட்டத்துக்கு மோதினாரே அத எடுங்க. முதல் ரவுண்ட்லயே கீழ விழுந்தாரு. 12 ரவுண்ட் முடிஞ்சப்போ மூணு ஜட்ஜோட மார்க் கார்டுலயும் பின்னாடி இருந்தாரு, 13வதுல ஒரே ஒரு வலது கை குத்து தான் காப்பாத்துச்சு. 1954ல எஸ்ஸார்ட் சார்ல்ஸ் கூட ரெண்டாவது தடவை மோதினப்போ மூக்கு பிளந்து ரத்தம் நிக்கவே இல்ல, எங்க சண்டைய நிறுத்திடுவாங்களோங்கற நிலைமைல 8வது ரவுண்ட்ல முடிச்சாரு. இவ்ளோ வாங்கியும் நிக்க முடிஞ்சது அவர் உடம்பு வாகு, அத யாரும் கத்துக்க முடியாது. அதோட அவருக்கு டிஃபென்ஸே இல்லன்னு சொல்றதும் சரி கிடையாது. ஹெவிவெயிட்டுக்கு குள்ளம், கையும் கட்டை, அதனால ரொம்ப தாழ்வா மடங்கி வருவாரு, உயரமான ஆளு குத்தினா தாடைல படாம மண்டை உச்சில படும். பாக்க அழகா இருக்காது, ஆனா அதுவும் டிஃபென்ஸ் தான்.

கார்னர்அண்ணே:
தம்பி புதுக்கிளவுஸ், உங்க கோச் நல்ல கோச், விட்டுடாதீங்க. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

டிஃபென்ஸ்னா அடி விழாம ஒளிஞ்சுக்கறதுன்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க, அங்க தான் குழப்பமே. ஒருத்தனுக்கு அடி எப்ப விழும்னு கவனிச்சு பாருங்க, சும்மா நிக்கறப்போ விழறது கம்மி, அவனே ஒரு பஞ்ச் விட்டு முடிச்ச உடனே தான் அதிகம். ஏன்னா கை வெளிய போயிருக்கு, எடை முன் கால்ல இருக்கு, கண்ணு நம்ம பஞ்ச் பட்டுச்சான்னு பாத்துட்டு இருக்கு. அந்த அரை நொடி தான் மொத்த ஆட்டமும். அதனால நான் புதுசா வர்றவங்களுக்கு சொல்றது, பஞ்ச் பட்டவுடனே முடியல, கை திரும்பி கன்னத்துக்கு வந்து, கால் ரெண்டும் அடியில நின்னா தான் முடிஞ்சுது. இத டிஃபென்ஸ்னு சொல்றதா அட்டாக்னு சொல்றதா, எனக்கு ரெண்டும் ஒண்ணு தான்.

அப்புறம் அந்த திருப்பி அடிக்கக் கூடாதுங்கற டிரில். அது கைக்கு இல்ல, கண்ணுக்கு. முகத்துக்கு நேரா கிளவுஸ் வந்தா எவனுக்கும் கண்ணு மூடும், தலை பின்னாடி போகும், தாடை மேல தூக்கும், மனுஷ உடம்பு அப்படி. கண்ணை திறந்து வச்சு, வர்ற குத்த கடைசி வரைக்கும் பாக்கப் பழகணும். திருப்பி அடிக்க விட்டா என்ன ஆகும்னா, நீங்க உங்க பஞ்ச்ச பத்தியே யோசிச்சுட்டு இருப்பீங்க, வர்றத பாக்க மாட்டீங்க. அந்தப் பழக்கம் வந்ததுக்கு அப்புறம் அவரே திருப்பி அடின்னு சொல்லுவாரு, பாருங்க.

புதுக்கிளவுஸ்:
அண்ணே சூப்பர். அந்த கண்ணு மூடற விஷயம் அப்படியே நான் தான். ஆனா பஞ்ச் விட்டு முடிச்ச உடனே தான் அடி விழும்னு சொல்றீங்களே, பெரிய ஆளுங்களுக்கும் அப்படித்தானா?

பழையரீல்:
இதுக்கு, பின்னாடி ஹெவிவெயிட் சாம்பியன் ஆன ஜோ லூயிஸ விட நல்ல உதாரணம் கிடையாது. 1936 ஜூன், யாங்கி ஸ்டேடியம். லூயிஸுக்கு 22 வயசு, அதுவரைக்கும் ஒரு தோல்வி கூட இல்ல, எதிர்ல மேக்ஸ் ஷ்மெலிங், முன்னாள் சாம்பியன், ஆனா கதை முடிஞ்ச ஆளுன்னு எல்லாரும் நினைச்சாங்க. ஷ்மெலிங் லூயிஸோட சண்டைப் படங்கள திரும்பத் திரும்ப பாத்துட்டு ஒரு விஷயத்த பிடிச்சாரு. லூயிஸ் ஜாப் விட்டா இடது கை நேரா கன்னத்துக்கு திரும்பாது, கொஞ்சம் கீழ இறங்கி அப்புறம் தான் மேல வரும். வாசல் கதவ திறந்து போட்டுட்டு உள்ள போற மாதிரி. ஷ்மெலிங் என்ன பண்ணாரு, அந்த ஜாப்ப கொஞ்சம் வாங்கிக்கிட்டு, கை கீழ இறங்கற நேரம் பாத்து அதுக்கு மேல வலது கையை விட்டாரு. நாலாவது ரவுண்ட்ல லூயிஸ் கீழ விழுந்தாரு, அப்புறமும் அதே கை, அதே இடம், அதே குத்து, 12வது ரவுண்ட்ல கதை முடிஞ்சுது. உலகத்துலயே ரொம்ப கூர்மையான குத்து வச்சிருந்த ஆளு, ஒரு கை ஒரு சாண் தாழ்ந்ததுக்கு கொடுத்த விலை இது.

1938ல திரும்ப மோதினப்போ ரெண்டு நிமிஷம் 4 நொடில ஷ்மெலிங்க முடிச்சாரு, அது வேற கதை.

ஹுக்மன்னன்:
பாத்தீங்களா, கடைசில அடிச்சு தான ஜெயிச்சாரு. 2 நிமிஷத்துல. நான் சொன்னது சரியா போச்சு.

கார்னர்அண்ணே:
அடிக்க வேணாம்னு யாருய்யா சொன்னா இங்க.

இடதுகைஅக்கா:
நான் அமெச்சூர்ல ஆடறேன், சவுத்பா (வலது கை, வலது கால் முன்னாடி வச்சு ஆடறவ). புதுக்கிளவுஸ் தம்பிக்கு என் பக்கத்துல இருந்து கொஞ்சம் சொல்லணும்.

பேக் அடிக்கறப்போ எல்லாரும் சாம்பியன் தான், பேக் திருப்பி அடிக்காது. ஸ்பாரிங்ல (பயிற்சிச் சண்டைல) முதல் தடவை ஒரு ஜாப் மூக்குல பட்டு கண்ணுல தண்ணி வரும் பாருங்க, அப்போ கத்துக்கிட்ட காம்பினேஷன் எல்லாம் காணாம போயிடும். அந்த நேரத்துல கைல நிக்கறது ரெண்டு மூணு விஷயம் தான். கார்டு (கைய தூக்கி முகத்த மூடறது), ஒரு அடி பின்னாடி போறது, இல்ல பக்கவாட்டுல திரும்பறது, ஒண்ணுமே முடியலன்னா பிடிச்சுக்கறது. இப்படி பிடிச்சுக்கற கிளிஞ்ச்ச எல்லாரும் கேவலமா பேசறாங்க, ஆனா காது ரெண்டும் ஙொய்ங்குன்னு கேக்கறப்போ பத்து நொடி வாங்கிக் கொடுக்கறது அது தான். எப்படி பிடிக்கறதுன்னும் பழகணும், அவங்க கை ரெண்டையும் நம்ம அக்குளுக்கு உள்ள பூட்டணும், தலைய அவங்க தோள் மேல வைக்கணும், சும்மா போய் கழுத்த கட்டிக்கிட்டா விலாவுல ஷார்ட் ஹுக்கா (முழங்கை மடக்கி பக்கவாட்டுல விடற குத்து) விழும்.

சவுத்பா கூட ஆடறப்போ இன்னொண்ணு. முன் கால் யாரோடது வெளிப்பக்கம் இருக்குன்னு பாருங்க. உங்க இடது கால் அவங்க வலது காலுக்கு வெளிய இருந்தா அவங்க இடது கை உங்கள நேரா பாக்காது, உங்க வலது கை அவங்க தாடைக்கு நேரா இருக்கும். இது காலால பண்ற டிஃபென்ஸ், கையே தேவை இல்ல. என் கூட ஸ்பாரிங் வர்ற பாதி பேர் இத கவனிக்கறதே இல்ல, எனக்கு லாபம் தான், ஹிஹி.

மிட்நைட்பைட்:
அக்கா ரகசியத்த எல்லாம் இப்படி ஓப்பனா சொல்லலாமா 😄

பிசியோபார்வை:
யாரும் பேசாத ஒரு பக்கம் இருக்கு, அத சொல்லிடறேன். நான் விளையாட்டு வீரர்களுக்கு பிசியோ பாக்கறேன், ரிங்ல ஏறினதில்ல.

நாக்அவுட்ங்கறது பெரும்பாலும் பலத்தால மட்டும் வர்றதில்ல. தலை வேகமா திரும்பறதால வருது, மண்டைக்குள்ள மூளை அந்த திருகல தாங்காது, தாடை ஓரத்துல படற ஹுக் அதுக்கு தான் அவ்ளோ ஆபத்து. குத்து வர்றது தெரிஞ்சா கழுத்து தசை தானா இறுகும், தலை உடம்போட சேர்ந்து கொஞ்சம் நிக்கும், திருகல் குறையும். தெரியாம வந்தா கழுத்து தளர்வா இருக்கும், அதனால சின்ன குத்து கூட ஆள படுக்க வச்சுடும். பாக்காத குத்து தான் ஆள சாய்க்கும்னு பாக்ஸர்ங்க சொல்றது வெறும் பேச்சு இல்ல. கண்ணு திறந்து பாக்கறதே ஒரு டிஃபென்ஸ்னு அண்ணே சொன்னாரே, மருத்துவ ரீதியாவும் அது சரி.

ரெண்டாவது, ஒரு பெரிய நாக்அவுட்ட விட பயமுறுத்தறது சின்னச் சின்ன அடி சேர்ந்துக்கிட்டே போறது. மயக்கம் வராது, வலிக்காது, ஆனா வருஷக்கணக்குல சேரும். ஹாரிசன் மார்ட்லண்ட்ங்கற அமெரிக்க டாக்டர் 1928லயே குத்துச்சண்டைக்காரங்களோட தள்ளாட்டம், நாக்கு குழறல், மறதி இதையெல்லாம் வச்சு ஒரு கட்டுரை எழுதிட்டாரு. இதுல பெரும்பங்கு அடி விழறது மேடைல இல்ல, ஜிம்ல, ஸ்பாரிங்ல. சண்டை எப்பவோ ஒரு தடவை, ஸ்பாரிங் வாரா வாரம். அப்புறம் ஹெட்கார்டு போட்டிருக்கேன் எனக்கென்னனு நினைக்காதீங்க, அது புருவம் கிழியறத, காயத்த தடுக்கும், மூளை ஆடறத தடுக்கும்னு நம்ப முடியாது. பக்கவாட்டு பார்வையும் குறையும், தலையும் பெருசாகும். 2013ல ஆண்கள் அமெச்சூர் மேல்மட்டப் போட்டிகள்ல அத எடுத்தே விட்டாங்க.

ஹுக்மன்னன்:
சரி டாக்டர் சார், பயமுறுத்தியாச்சு. ஆனா என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. ஜட்ஜ் டிஃபென்ஸுக்கு பாயிண்ட் தர மாட்டான். ஆடிக்கிட்டே தப்பிச்சுட்டு இருந்தா கூட்டம் கத்தும், ஜட்ஜோட மார்க் எதிராளிக்கு போயிடும். அப்புறம் எதுக்கு இந்த வித்தை?

பிசியோபார்வை:
டாக்டர் இல்ல, பிசியோ 🙂

பழையரீல்:
மன்னன் கேட்டது நியாயமான கேள்வி. புரொஃபஷனல்ல ஜட்ஜ் பாக்கறது நாலு விஷயம்னு சொல்லுவாங்க, சுத்தமா விழற குத்து, பலன் தர்ற ஆக்ரோஷம், ரிங்க தன் கட்டுப்பாட்டுல வச்சிருக்கறது, டிஃபென்ஸ். பேப்பர்ல நாலும் இருக்கு, நடைமுறைல சுத்தமான குத்து தான் முன்னாடி நிக்கும், அப்புறம் முன்னேறி வர்றவன். தற்காப்புக்காரங்களுக்கு இதால நஷ்டம் ஆனதும் உண்டு. 1993 செப்டம்பர், சான் அன்டோனியோ, பெர்னல் விட்டேக்கர் எதிர் ஜூலியோ சீசர் சாவேஸ். சாவேஸ் அப்போ 87 சண்டை, தோல்வியே கிடையாது. விட்டேக்கர் அவர தொட விடாம, முட்டிய மடக்கி அவர் கைக்கு கீழ புகுந்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போய் ஜாப்ல தச்சு எடுத்தாரு. பாத்தவங்கள்ல ரொம்பப் பேருக்கு விட்டேக்கர் தான் ஜெயிச்சாரு, ஆனா ரெண்டு ஜட்ஜ் 115க்கு 115 போட்டாங்க, டிரா. எனக்கு இன்னிக்கும் அத பாத்தா வயிறு எரியும்.

ஆனா மறுபக்கமும் பாருங்க. 2015ல மேவெதர் எதிர் பக்கியாவ், பஞ்ச் கணக்கு எடுக்கறவங்க கணக்குப்படி பக்கியாவ் விட்டது 429, பட்டது 81. கை வேகத்துக்கே பேர் போன ஆளு. மேவெதர் விட்டது 435, பட்டது 148. ரெண்டு பேரும் விட்டது கிட்டத்தட்ட சமம் தான், ஜெயிச்சத தீர்மானிச்சது எது படலங்கறது. இதுல டிஃபென்ஸுக்குன்னு தனியா எந்த ஜட்ஜும் பாயிண்ட் போடல, எதிராளியோட பாயிண்ட குறைச்சுட்டாரு, அவ்ளோ தான்.

ஹுக்மன்னன்:
அந்த சண்டைய பாத்துட்டு பாதிலயே தூங்கிட்டேன். உலகமே காத்துக்கிட்டு இருந்த சண்டை, போர்னா போர்.

இடதுகைஅக்கா:
உங்களுக்கு போர், அவருக்கு 50 சண்டை 50 ஜெயம், பேச்சு இன்னிக்கும் தெளிவா வருது.

புதுக்கிளவுஸ்:
அப்போ மேவெதர் மாதிரி தோள் வச்சு தடுக்கறாரே, முன் கை வயித்துக்கு குறுக்க, பின் கை தாடைல, அந்த ஷோல்டர் ரோல் கத்துக்கிட்டா நல்லதா? கண்ணாடி முன்னாடி பண்ணி பாத்தா சூப்பரா இருக்கு.

கார்னர்அண்ணே:
வேணாம் தம்பி. இப்போதைக்கு வேணாம். கண்ணாடில எல்லாமே சூப்பரா தான் இருக்கும்.

எங்க ஜிம்லயும் பசங்க வருவாங்க, அடிப்படை கார்டே தெரியாது, ஆனா முன் கைய கீழ தொங்க விட்டுட்டு தோள ஆட்டுவாங்க. அதுல தடுக்கறது தோள் மட்டும் இல்ல, பின்னாடி காலுக்கு எடை போறது, தாடை தோளுக்குள்ள புதையறது, பின் கை ஹுக்குக்கு ரெடியா இருக்கறது, தூரம், இது எல்லாம் சேர்ந்தா தான் அது வேலை செய்யும். வலது கை நேரா வந்தா தோள்ல உருண்டு போயிடும், சரி. இடது ஹுக் வந்தா? அங்க இருக்கறது பின் கை ஒண்ணு தான், அது ஒரு விரக்கடை விலகினாலும் போச்சு.

பழையரீல்:
அண்ணே சொன்னதுக்கு சாட்சியே இருக்கு. ஏட்ரியன் புரோனர், மேவெதர அப்படியே காப்பி அடிச்சு வந்த திறமைசாலி, 2013 டிசம்பர்ல மார்கோஸ் மைதானா கூட மோதினாரு. மைதானாவுக்கு பெரிய நுணுக்கம் எல்லாம் கிடையாது, ஆனா அந்த ஸ்டைல்ல இடது ஹுக்குக்கு வழி இருக்குன்னு தெரியும். ரெண்டாவது ரவுண்ட்ல ஒரு இடது ஹுக், கீழ. எட்டாவதுல இன்னொரு இடது ஹுக், திரும்ப கீழ. முடிவு ஒருமனதா மைதானாவுக்கு. உலக சாம்பியனுக்கே அந்த கதின்னா கண்ணாடி முன்னாடி பழகினவனுக்கு என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

இதுல இன்னொரு வகை இருக்கு, கால் வேகத்தையும் கண் வேகத்தையும் மட்டும் நம்பி ஆடறவங்க. ராய் ஜோன்ஸ் ஜூனியர் கைய ரெண்டையும் தொங்க விட்டுட்டு, தாடைய நீட்டிக்கிட்டு, வந்த குத்துல இருந்து சும்மா தலைய இழுத்துக்குவாரு, பல வருஷம் யாராலயும் தொட முடியல. 2004 மே மாசம் 35 வயசுல ஆன்டோனியோ டார்வரோட ஒரு இடது கை, ரெண்டாவது ரவுண்ட், முடிஞ்சுது. வேகம் ஒரு நூலளவு குறைஞ்சா போதும், கார்டு இல்லாதவனுக்கு அடுத்த அரணே கிடையாது. விட்டேக்கர், மேவெதர் மாதிரி ஆளுங்களுக்கு அடிப்படைல கால் வைக்கற இடம், தூரம், கை இருக்கற இடம் எல்லாம் இருந்துச்சு, அதனால வயசான பிறகும் கொஞ்ச காலம் ஓட்ட முடிஞ்சுது.

மிட்நைட்பைட்:
அலி? அவரும் கைய தொங்க விட்டு தான ஆடினாரு?

பழையரீல்:
அலிய பத்தி பேசினா விடிஞ்சுடும், சுருக்கமா சொல்றேன். 1967 வரைக்கும் இருந்த அலிக்கு கால் தான் டிஃபென்ஸ். மூணு வருஷத்துக்கு மேல ஆட விடாம வச்சு, திரும்பி வந்தப்போ அந்தக் கால் இல்ல, அதுக்கு அப்புறம் தாடைய நம்ப ஆரம்பிச்சாரு. 1974 கின்ஷாசால ஃபோர்மன் கூட கயிறுல சாஞ்சு நின்னு ஜெயிச்சத எல்லாரும் மேதைத்தனம்னு கொண்டாடறாங்க, மேதைத்தனம் தான், ஆனா பல பேர் நினைக்கற மாதிரி சும்மா நின்னு அடி வாங்கல. முழங்கைய உடம்போட ஒட்டி, தலைய பின்னாடி சாய்ச்சு, ஃபோர்மன் கிட்ட வந்தா கழுத்த பிடிச்சு கீழ அழுத்தி, இடையிடையே நேரா முகத்துல குத்தி, அவர் கை ஓய்ஞ்சதுக்கு அப்புறம் எட்டாவது ரவுண்ட்ல எடுத்தாரு. பிரச்சனை என்னன்னா அந்த வித்தைக்கு விலை உண்டு. ஸ்பாரிங்லயும் ஆளுங்கள குத்த விட்டு வாங்கிப் பழகினாரு. 1975 மணிலால ஃப்ரேஸியர் கூட 14 ரவுண்ட். 1980ல ஹோம்ஸ் கூட மோதினத என்னால முழுசா பாக்க முடியாது. 84ல பார்க்கின்சன்னு சொன்னாங்க.

பிசியோபார்வை:
ஒரு திருத்தம் மாதிரி சொல்றேன், அவருக்கு பார்க்கின்சன் வந்ததுக்கு குத்துச்சண்டை தான் காரணம்னு அடிச்சு சொல்ல முடியாது, டாக்டர்கள் நடுவுலயே கருத்து வேறுபாடு உண்டு. ஆனா அவ்ளோ அடி வாங்கினது நல்லது பண்ணிருக்காதுங்கறதுல யாருக்கும் சந்தேகம் இல்ல.

கார்னர்அண்ணே:
என்ன பொறுத்தவரைக்கும் அலிய விட மனச உலுக்கறது மெல்ட்ரிக் டெய்லர். 84 ஒலிம்பிக்ஸ் தங்கம், கை வேகம் அப்படி ஒரு வேகம். 1990 மார்ச் 17, சாவேஸ் கூட 12 ரவுண்ட். ரெண்டு ஜட்ஜ் கார்டுல நல்லா முன்னாடி. கணக்குப்படி பாத்தா ஜெயிச்சுட்டாரு. ஆனா ஒவ்வொரு தடவையும் அஞ்சாறு குத்து விட்டுட்டு அங்கயே நின்னாரு, வெளிய வரல, திரும்பல, சாவேஸ் ஒண்ணு ரெண்டு தான் திருப்பி விட்டாரு ஆனா ஒவ்வொண்ணும் எலும்புல இறங்குச்சு. கடைசி ரவுண்ட்ல முகம் அடையாளம் தெரியல. கீழ விழுந்து எந்திரிச்சாரு, ரெஃப்ரி கேட்டதுக்கு சரியா பதில் வரல, நிறுத்திட்டாரு. அப்போ சண்டை முடிய பாக்கி இருந்தது 2 நொடி. அந்த 2 நொடிய பத்தி தான் எல்லாரும் இன்னிக்கு வரைக்கும் சண்டை போடறாங்க, ரெஃப்ரி விட்டிருக்கலாமா கூடாதான்னு. நான் பசங்களுக்கு அந்த 2 நொடிய காட்ட மாட்டேன், நாலாவது அஞ்சாவது ரவுண்ட காட்டுவேன். குத்து விட்டு முடிச்ச பிறகு அவர் கால் எங்க நிக்குதுன்னு பாருங்கடான்னு சொல்லுவேன். அந்த சண்டைக்கு அப்புறம் அவர் பழைய டெய்லரா வரவே இல்ல.

ஹுக்மன்னன்:
அது ஒத்துக்கறேன், அந்த சண்டை கொடுமை. ஆனா நான் சொல்ல வர்றது வேற. டைசன எடுங்க. 1986ல 20 வயசுல ஹெவிவெயிட் சாம்பியன். அவர் டிஃபென்ஸ் ஆளா? அட்டாக்னா அட்டாக்.

கார்னர்அண்ணே:
மன்னா நீங்களே வந்து மாட்டிக்கிட்டீங்க. அந்தக் காலத்து டைசன விட சுத்தமான டிஃபென்ஸ் ஹெவிவெயிட்ல காட்டுங்க பாப்போம். கஸ் டமாட்டோ கத்துக் கொடுத்தது அது தான், ரெண்டு கிளவுஸும் கன்னத்துல, முழங்கை விலாவ மூடி, ஒவ்வொரு அடி முன்னாடி வைக்கறப்பவும் தலை ஒரே இடத்துல இருக்கக் கூடாது. குள்ளமான ஆளு உயரமான ஆளுக்குள்ள எப்படி போனாரு? ஜாப்ப தலைக்கு மேல போக விட்டு தான். இடது பக்கம் ஸ்லிப் ஆகறப்போ எடை முழுக்க இடது கால்ல ஏறுது பாருங்க, அங்க இருந்து வர்றது தான் அந்த இடது ஹுக். அந்த நாக்அவுட் வீடியோவ பாதி வேகத்துல ஓட்டிப் பாருங்க, பெரும்பாலானதுல குத்துக்கு முன்னாடி ஒரு தப்பித்தல் இருக்கும். 88க்கு மேல பழைய டிரெய்னர் கெவின் ரூனி போயிட்டாரு, தலை அசையறது நின்னு போச்சு, 1990ல டோக்கியோல டக்ளஸ் ஜாப் ஜாப்பா போட்டு பத்தாவது ரவுண்ட்ல படுக்க வச்சாரு. பவர் அப்பவும் அதே பவர் தான், எட்டாவது ரவுண்ட்ல அவரும் டக்ளஸ ஒரு தடவை விழ வச்சாரே.

மிட்நைட்பைட்:
ஸ்லோமோஷன்ல பாத்துட்டு வந்தேன். அண்ணே சொன்னது சரி. மன்னன் எங்க போனாரு?

ஹுக்மன்னன்:
இங்க தான் இருக்கேன். டைசன் விஷயத்துல பாயிண்ட் இருக்கு, அத நான் மறுக்கல. ஆனா கூட்டம் டிக்கெட் வாங்கறது அந்த ஹுக்குக்கு தான், ஸ்லிப்புக்கு இல்ல, அதுல மாத்தம் இல்ல.

புதுக்கிளவுஸ்:
அண்ணே, அக்கா, எல்லாருக்கும் நன்றி. ரெண்டு சந்தேகம் மட்டும். ஸ்பாரிங்ல ரெண்டு கையையும் முகத்துக்கு முன்னாடி சுவர் மாதிரி வச்சுக்கறேன், முகத்துல அடியே விழறதில்ல, இது போதுமா? அப்புறம் ஸ்லிப் பண்றப்போ எனக்கு இடுப்பு வலிக்குது, பேலன்ஸும் போகுது.

இடதுகைஅக்கா:
சுவர் கார்டு ஸ்பாரிங்ல நல்லா தான் இருக்கும், ஏன்னா நீங்க போட்டிருக்கறது 16 அவுன்ஸ் கிளவுஸா இருக்கும், தலகாணி சைஸ். போட்டில கிளவுஸ் சின்னது, புரொஃபஷனல்ல 147 பவுண்டு வரைக்கும் 8 அவுன்ஸ், அதுக்கு மேல 10, அதுக்கு நடுவுல இடைவெளி நிறைய. அதோட முகத்த மூடினா வயிறு திறக்கும், நான் உங்க எதிர்ல இருந்தா முதல் ரெண்டு தடவை கிளவுஸ் மேலயே தட்டிட்டு, முழங்கை மேல தூக்கினதும் ஈரல் பக்கம் விடுவேன். அங்க பட்டா மூச்சு வராது, தெம்பு இருந்தாலும் கால் மடங்கும். கைலயே வாங்கிட்டு இருக்கறதும் சும்மா இல்ல, 2022ல பிவோல் கனேலோவ ஜெயிச்சாரு, ஆனா சண்டை முடிஞ்சப்போ அவர் இடது கைய பாத்தீங்கன்னா மேல இருந்து கீழ சிவந்து கிடந்துச்சு. அவராவது தடுத்த உடனே நாலு திருப்பிக் கொடுத்தாரு. நீங்க சுவருக்குள்ள உக்காந்துக்கிட்டா ரெஃப்ரி எண்ண ஆரம்பிச்சுடுவாரு.

கார்னர்அண்ணே:
இடுப்பு வலிக்குதுன்னா நீங்க இடுப்புல வளையறீங்க. ஸ்லிப் இடுப்புல இல்ல, முட்டிலயும் தோள் திருப்பறதுலயும் இருக்கு. ஜாப் வர்றப்போ முட்டிய லேசா மடக்கி தோள திருப்புங்க, தலை தானா குத்தோட வழிய விட்டு வெளிய போகும். எவ்ளோ போகணும்? குத்து காத உரசிட்டு போகற அளவு, அதுக்கு மேல போனா வீண். மூக்கு உங்க முட்டிய தாண்டக் கூடாது, தாண்டினா அப்பர்கட்டுக்கு (கீழ இருந்து மேல வர்ற குத்து) நீங்களே முகத்த கொடுக்கறீங்க, 1973ல ஃபோர்மன் கிட்ட குனிஞ்சு குனிஞ்சு போன ஃப்ரேஸியர் ரெண்டு ரவுண்டுக்குள்ள ஆறு தடவை விழுந்தாரு, அதுல அப்பர்கட்டுக்கு பெரிய பங்கு.

முதல்ல வெளிப்பக்கம் ஸ்லிப் பழகுங்க, நீங்க ஆர்த்தடாக்ஸ் (இடது கால் முன்னாடி வச்சு ஆடறவர்), எதிராளியும் ஆர்த்தடாக்ஸ்னா உங்க வலது பக்கம். அங்க போனா அவன் வலது கை உங்களுக்கு தூரமாயிடும். உள் பக்கம் போனா உங்க இடது ஹுக்குக்கு நல்ல இடம், ஆனா அவன் வலது கை அங்க தான் காத்துட்டு இருக்கும், அதனால அந்தப் பக்கம் போறப்போ வலது கிளவுஸ் கன்னத்த விட்டு நகரக் கூடாது. கேட்ச் பண்றப்போவும் (குத்த உள்ளங்கைல வாங்கறப்போ) கைய முன்னாடி நீட்டி பிடிக்கப் போகாதீங்க, குத்து உங்ககிட்ட வரட்டும். நீட்டினா ஒரு பொய் ஜாப் காட்டிட்டு அந்த இடைவெளில ஹுக் போட்டுடுவான்.

புதுக்கிளவுஸ்:
அண்ணே கண்ணு எங்க வைக்கணும்? நான் கிளவுஸயே பாத்துட்டு இருக்கேன், ஆனா எப்பவும் லேட் ஆகுது.

கார்னர்அண்ணே:
கிளவுஸ பாத்தா லேட் தான் ஆகும். நெஞ்சு மேல, காறை எலும்பு இருக்கற இடத்துல பார்வைய வைங்க. கை கிளம்பறதுக்கு முன்னாடி தோள் அசையும், அதுக்கும் முன்னாடி சில பேருக்கு முன் கால் அழுத்தும். ரெண்டு கையும் ஓரப் பார்வைல தெரியும். அந்தக் கயிறு டிரில்லயும் தரைய பாக்காதீங்க, எதிர்ல சுவத்துல ஒரு புள்ளி வச்சு அத பாத்துக்கிட்டே கீழ போய்ட்டு வாங்க. கயிறு உங்க ஸ்டான்ஸ்ல நின்னா தோள் உயரத்துல இருக்கட்டும், அதுக்கு மேல கட்டினா முட்டி மடங்காது, ஏமாத்திடுவீங்க.

ஹுக்மன்னன்:
எங்க ஜிம்ல கயிறு கட்ட கொக்கியே இல்ல, என்ன பண்றது.

மிட்நைட்பைட்:
மன்னா!!! நீங்களா???

ஹுக்மன்னன்:
சும்மா கேட்டேன்யா.

கார்னர்அண்ணே:
ரெண்டு ஹேண்ட்ராப்ப (கிளவுஸுக்குள்ள கைல சுத்தற துணி) ஒண்ணா முடிச்சு போட்டு, ஒரு முனைய ரிங் போஸ்ட்ல, இன்னொண்ண பேக் தொங்கற சங்கிலில கட்டுங்க. தொய்வு இல்லாம இழுத்துக் கட்டணும். ஒவ்வொரு தடவை கீழ போய் எந்திரிக்கறப்பவும் அரை அடி முன்னாடி, கயிறு முடியற வரைக்கும், அப்புறம் அதே மாதிரி பின்னாடி. நிறைய பேர் முன்னாடி மட்டும் போவாங்க, பின்னாடி வர்றப்போ தான் கால் பின்னிக்கும், அத தான் அதிகமா பண்ணணும்.

இடதுகைஅக்கா:
ஹேண்ட்ராப் துவைச்சதா இருக்கட்டும், முகத்துக்கு நேரா தொங்கும் 😂